உங்களுக்குத் தெரியுமா? சாவி திருப்பாமலே செலவு வைக்கும் கார்

● வடசென்னையின் எண்ணூரில் முதன்முதலில் தயாரானது கார். லாரியும் பஸ்ஸும் பிறகுதான் வந்தன. ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் தன் மகன் அசோக்கின் பெயரில் ‘அசோக் மோட்டார்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த ஆஸ்டின் ஏ40 காரை எண்ணூர் ஆலையில் பூட்டி, அடுத்த ஆண்டே சாலைக்கு அனுப்பினார்கள். 1955ல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது; கார் போய் கனரக வண்டி வந்தது. அந்த ஏ40க்கு 1,200 சிசி எஞ்சின், நீளம் 4 மீட்டருக்குள். இன்றைய ஜிஎஸ்டி சட்டம் ‘சின்ன பெட்ரோல் கார்’ என்பதற்கு வைத்திருக்கும் வரம்பும் அதே 1,200 சிசி, அதே 4 மீட்டர்தான். அந்தக் காலத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்ற அது போதுமான காராக இருந்தது.

● பெரிய காரை விற்றுவிட்டுப் பழைய சின்ன காருக்கு மாறலாமா என்று யோசிக்கிறவர் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். ஆனால் காரின் பெரிய செலவு பெட்ரோல் பங்கில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஷோரூம் விலை 10 லட்ச ரூபாய் உள்ள ஒரு கார். அதில் 8 லட்சம் கடன், வட்டி 9.5 சதவீதம், தவணைக் காலம் 5 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 16,800 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டியாக மட்டும் 2 லட்சத்து 8 ஆயிரம் போயிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரும் அட்டவணை ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதன்படி ஐந்தாண்டு முடிவில் உங்கள் 10 லட்சம் 5 லட்சம்தான். விலை இறக்கம் 5 லட்சம், வட்டி 2 லட்சத்து 8 ஆயிரம். இரண்டையும் கூட்டி 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 11,800 ரூபாய். கார் வாசலிலேயே நின்றாலும் இந்தப் பணம் போகும்.

இப்போது பெட்ரோல். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், நகர நெரிசலில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 7,350 ரூபாய். வாசலில் நின்றபடி கரையும் பணத்தைவிட இது குறைவு!

அதே ஆள் இரண்டரை லட்சத்துக்கு ஒரு பழைய சின்ன காரை ரொக்கமாக வாங்குகிறார். அடுத்த ஐந்தாண்டில் அதன் விலை பாதியாகக் குறைகிறது என்றே கொள்வோம். மாதம் 2,100 ரூபாய்க்குள் அடங்கிவிடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் 5,050 ரூபாய். இரண்டு கார்களுக்கும் நடுவே மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. அதில் பெட்ரோலால் மிச்சமாவது 2,300 மட்டுமே. பழைய வண்டி ஆயிற்றே, ரிப்பேர் வராதா? வரும். மாதம் 3,000 ரூபாயை ரிப்பேருக்கென்று தனியே எடுத்து வைத்தாலும் 9,000 கையில் நிற்கும். ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகிற தொகை அது.

● இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு உண்மை தெரியும். உங்கள் பெரிய காருக்கு ஏழெட்டு வயதாகி, கடனும் அடைந்துவிட்டதா? விலை இறக்கத்தின் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே தாங்கி முடித்துவிட்டீர்கள். இப்போது மாற்றினால் கையில் நிற்பது பெட்ரோல் மிச்சமும் கொஞ்சம் இன்சூரன்ஸ் மிச்சமும்தான். புரோக்கர் கமிஷன், பெயர் மாற்றம், வாங்கிய வண்டிக்குச் செய்யும் முதல் சர்வீஸ் ஆகியவையே ஓராண்டு மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். அப்படிப்பட்டவர் மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றத்தால் உண்மையில் பிழைப்பவர், தவணை இன்னும் மூன்று நான்கு ஆண்டு பாக்கியுள்ளவரும், புது கார் புக் செய்யப் போகிறவரும்.

● சிசி குறைந்தால் பெட்ரோலோடு இன்சூரன்ஸும் குறையும். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் இது: 1,000 சிசிக்குள் ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி தனி. 796 சிசி ஆல்டோ, 814 சிசி இயான், 998 சிசி வேகன்-ஆர், 999 சிசி க்விட் எல்லாம் முதல் படியில் நிற்பவை. பழைய சான்ட்ரோவுக்கு 1,086 சிசி. அந்த 86 சிசிக்காக அது இரண்டாம் படிக்குப் போய்விடுகிறது.

● எம்ஆர்எஃப் கம்பெனி திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கியது பலருக்கும் தெரிந்த கதை. 1946ல் கே.எம். மம்மன் மாப்பிள்ளை அதற்கான கொட்டகையைப் போட்டார். அவரை வளர்த்துவிட்டது பலூன் இல்லை, 1952ல் கையில் எடுத்த ‘டிரெட் ரப்பர்’. தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டும் ரப்பர் அது. புது டயர் வாங்க முடியாத வண்டிக்காரருக்கு அதே டயரை இன்னும் சில ஆயிரம் மைல் ஓட வைக்கும் சரக்கு. அந்த வியாபாரத்தில் காலூன்றிய பிறகுதான் 1961ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து அதே திருவொற்றியூரில் டயர் ஆலை எழுந்தது. இருப்பதைத் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்தும் மக்களின் தேவையிலிருந்து பிறந்த ஆலை என்று அதைச் சொல்வேன்.

● டயர் என்றதும் இதையும் சொல்லிவிடலாம். பழைய ஆல்டோவின் டயர் அளவு 145/80 ஆர்12. இன்றைய எஸ்யூவிகளில் 16, 17 அங்குலச் சக்கரங்கள். நான்கு டயரும் ஒருசேர மாற்றும் மாதத்தில்தான் சின்ன காரின் அருமை தெரியும்.

● டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ‘வண்டி 25,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, எல்லாம் ஒரிஜினல்’ என்று சொல்லி விற்கிறவரின் காரில் நான்கு டயரும் கார் பிறந்த ஆண்டுக்கு மூன்று நான்கு ஆண்டு பிந்தையவை என்றால், மீட்டரைச் சந்தேகப்படுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் அதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். காரின் உண்மையான வயதை அது சொல்லிவிடும்.

● டீசலில் ஓடும் புல்லட்டைத் தயாரித்து விற்ற கம்பெனி எங்கே இருந்தது? திருவொற்றியூரில். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, பிற்காலத்தில் 325 சிசி கிரீவ்ஸ்-லம்பார்டினி டீசல் எஞ்சினைப் புல்லட்டில் பூட்டி விற்றது. ‘டாரஸ்’ என்று பெயர். குதிரைசக்தி வெறும் 6.5. வேகமாகப் போகாது, அதிர்வு அதிகம், எடையும் அதிகம். ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் கொடுத்தது. டீசல் அன்று பெட்ரோலைவிட வெகு மலிவு. அந்த ஒரே காரணத்துக்காக அதை வாங்கியவர்கள் இருந்தார்கள். புகை விதிகள் இறுகியதும் 2000ஆம் ஆண்டையொட்டி அது நின்றுபோனது. எரிபொருள் செலவைக் குறைக்க வேகத்தையும் சொகுசையும் மனமார விட்டுக்கொடுத்தவர்களுக்கான வண்டி இந்த மண்ணில் தயாராகியிருக்கிறது.

● அந்த நினைப்பில் இன்று பழைய டீசல் கார் வாங்கலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை போய்வருகிறவர் வாங்கக் கூடாது என்பேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து தீர வேண்டுமானால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே பழகிய காரில் கரி அடைத்துக்கொள்ளும். அந்த வடிகட்டியை மாற்றும் செலவு, டீசல் தந்த மிச்சத்தை ஒரே நாளில் கேட்கும். தினமும் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்குக் கதை வேறு.

● மணலியில் 1965ல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சென்னை பெட்ரோலியம், 1969ல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நிழலில் வாழ்ந்தாலும் திருவொற்றியூர்க்காரர் போடும் பெட்ரோல் நகரத்தின் மற்ற பகுதிகளைவிட மலிவில்லை. புகையும் வாடையும் மட்டும் பக்கத்தில்.

● கேஸ் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2019ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்என்ஜி முனையம் திறந்தது. கிழக்குக் கடற்கரையின் முதல் எல்என்ஜி முனையம் அதுதான். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவு. மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வரும் எரிவாயு இங்கே மீண்டும் வாயுவாகிக் குழாயில் போகிறது. அதற்குப் பிறகுதான் சென்னையில் சிஎன்ஜி பங்குகள் பெருகின. வேகன்-ஆர் காருக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், சிஎன்ஜியில் கிலோவுக்கு 34.05. சாலையில் இரண்டுமே இதைவிடக் குறையும், ஆனால் இடைவெளி நிற்கும்.

பழைய சிஎன்ஜி கார் வாங்குகிறவர் மூன்றைப் பார்க்க வேண்டும். சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கடைசிச் சோதனையின் சான்றிதழ் இருக்கிறதா? ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் சிஎன்ஜி ஏறியிருக்கிறதா? இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா? வெளியே எங்கோ பூட்டிய கிட், காகிதத்தில் இல்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தீ விபத்து என்று வந்தால் இழப்பீடு கேட்டு நிற்க முடியாது.

● 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெரும்பாலான கார்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை இல்லை. நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, அப்படிப்பட்ட பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று சொல்கிறது. மாதம் 50 லிட்டர் போடுகிறவருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கூடுதல். பழைய கார் வாங்கும்போது இந்த 300 ரூபாயையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வயதைத் தாண்டிய காரில் பெட்ரோல் டியூப், ரப்பர் சீல் ஆகியவற்றை ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பெரிய தொகை ஆகாது.

● டிஎன்-03, டிஎன்-04 என்று நம்பர் பிளேட் இருந்தால் அந்தக் கார் கடற்காற்றில் வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காசிமேட்டிலும் எண்ணூர் கடற்கரைச் சாலையிலும் காற்றில் உப்பு; மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரிலும் உப்பு. மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் இரும்பு உதிரும். காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்காமல் இந்தப் பக்கத்து வண்டியை வாங்கவே கூடாது. சைலன்சர், பிரேக் பைப், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உட்புறம், கதவின் கீழ் விளிம்பு, ஸ்டெப்னி உட்காரும் பள்ளம் இவை ஐந்தும் முதலில் போகும் இடங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி; சத்தம் அமுங்கினால் உள்ளே பட்டி பூசி டிங்கரிங் செய்திருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை வாட்டர் வாஷில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆன்டி-ரஸ்ட் பூச்சு. எஞ்சினைவிட இந்த வட்டாரத்தில் காரைக் கொல்வது துருதான்.

● கடற்காற்றின் துரு வேறு, வெள்ளத்தின் துரு வேறு. கடற்காற்று அடியிலிருந்து அரிக்கும். சீட் ஓடும் தண்டவாளத்திலும், கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டுகளிலும், டேஷ்போர்டுக்கு உள்ளே ஃபியூஸ் பெட்டியிலும் துரு இருந்தால் வண்டி தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய கார்கள் ஏராளம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழுச் சேதம் என்று ஒதுக்கி ஏலத்தில் விட்ட வண்டிகளும் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்குத் திரும்புவதுண்டு.

மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வந்தது வெறும் வெள்ளம் இல்லை. எண்ணெய் கலந்த வெள்ளம். வீட்டுச் சுவர்களிலும் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்த அந்தக் கறுப்பை இந்தப் பகுதி மறக்காது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பகுதி வண்டி என்றால் சஸ்பென்ஷன் புஷ், டயர் பக்க பூட், எஞ்சின் மவுன்ட் இவற்றின் ரப்பரை மெக்கானிக்கிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

● கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது இறங்கிய காரின் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், சாதாரண முழுக் காப்பீடு அதற்குப் பெரும்பாலும் பணம் தராது. ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற தனிச் சேர்க்கை வேண்டும். வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்; தள்ளிக் கொண்டுபோங்கள். எஞ்சினை உடைப்பது உள்ளே போன தண்ணீரைவிட அந்த இரண்டாவது ஸ்டார்ட்தான்.

● ஒரே ஆல்டோ, இரண்டு மனம். 796 சிசி எஃப்8டி எஞ்சினில் டைமிங் பெல்ட். 998 சிசி கே10 எஞ்சினில் டைமிங் செயின். பெல்ட்டை கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பழைய சான்ட்ரோவிலும் பெல்ட்தான். பில் காட்டி ‘மாற்றியாச்சு’ என்று நிரூபிக்காதவரிடம் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அறுந்தால் வால்வுகள் வரை சேதமாகலாம்.

● மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. கடைசிக் கார் 2022ல் வெளிவந்தது. அன்றிலிருந்து பழைய ஃபிகோ, ஆஸ்பயர் விலை இறங்கியே நிற்கிறது. கெட்டியான பாடி, நல்ல கார். உங்கள் தெரு மெக்கானிக்குக் கை பழகியிருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டு வாங்கலாம். அவருக்குத் தெரியாத கார் எவ்வளவு மலிவென்றாலும் பிறகு செலவு வைக்கும்.

● தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி உயர்ந்தது: 5 லட்சம் வரையிலான புது காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 6 லட்ச ரூபாய் காருக்கு 78,000. தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய காரை வாங்கினால் இந்த வரியை முதல் ஓனரே கட்டி முடித்திருக்கிறார். ‘பிவை’ நம்பர் போட்ட புதுச்சேரி வண்டியோ டெல்லி வண்டியோ மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். டெல்லி வட்டாரத்தில் டீசல் காருக்கு 10 ஆண்டு, பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்று நீதிமன்றம் வரம்பு போட்டதால் அங்கே மதிப்பிழந்த வண்டிகள் தெற்கே வருகின்றன. வரி, என்ஓசி, அலைச்சல் மூன்றையும் கூட்டினால் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

● 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது; செஸ்ஸும் போனது. புது காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்க வேண்டும். விற்பவர் அதற்கு முந்தைய விலையைச் சொன்னால், அதே மாடல் புது காரின் இன்றைய விலையைக் காட்டிப் பேசுங்கள். பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்கும்போது ஜிஎஸ்டி 18 சதவீதம் அவருடைய லாபத்துக்கு மட்டும்தான். முழு விலைக்கு இல்லை. 2 லட்சத்துக்கு வாங்கி 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு விற்றால் வரி 5,400. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டியே இல்லை.

● காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. எஃப்.சி.க்குப் போகும் முன் செய்ய வேண்டிய பெயின்ட், டிங்கரிங் தனி. 13 வயதுக் காரை வாங்குகிறவர் இரண்டே ஆண்டில் வரப்போகும் இந்தச் செலவை இன்றே விலையில் கழிக்க வேண்டும். என் கணிப்பில், இறங்கி வாங்குகிறவருக்கு ஏற்ற வயது ஐந்து முதல் எட்டு. விலை பாதியாகக் குறைந்திருக்கும், பதிவில் ஏழாண்டாவது மீதம் இருக்கும்.

● இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் விஷயம் இது. காரை விற்றவர்கள் பலர், பணம் கைக்கு வந்ததும் படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் 2007ல் விற்ற கார், கை மாறி, மீண்டும் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. ஆர்.சி. மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே கிடந்தது. 2009ல் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்தார். அந்த நேரத்தில் காரை வைத்திருந்தவர் யாராக இருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டது. விற்று இரண்டாண்டு ஆன காருக்காக அந்த முதல் ஆள் லட்சக்கணக்கில் பொறுப்பேற்க நேர்ந்தது. ஆர்.சி.யில் பெயர் மாறியதை பரிவாகன் தளத்தில் உங்கள் கண்ணால் பார்க்கும் வரை விற்பனை முடியவில்லை என்றே எண்ணுங்கள்.

● வியாபாரியிடம் காரை விட்டால்? 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அது முதல் அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியைக் கொடுக்கும் முன் ‘அங்கீகாரச் சான்று இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் நேரடியாக வாங்குகிறவரின் பெயருக்கே மாற்றுங்கள்.

● வாங்குகிறவர் பார்க்க வேண்டிய காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக: ஆர்.சி.யில் ‘ஹைப்போதிகேஷன்’ இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35ம் வேண்டும். அபராத சலான் பாக்கியைப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் காகிதத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் மூடிவிட வேண்டும்.

● 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதே மாதம் சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைந்தது. விம்கோ நகரில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரலும் போகலாம், விமான நிலையமும் போகலாம். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் நிற்பதற்கு எரியும் பெட்ரோலைவிட இந்த டிக்கெட் மலிவு. வாரநாளில் மெட்ரோ, ஞாயிறன்று மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் கார் என்று பிரித்துக்கொண்டால் 800 கிலோமீட்டர் 300 ஆகும். அப்போது 2 லட்ச ரூபாய்க் காரே தாராளம். மைலேஜ் ஒன்றிரண்டு குறைந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் காரைச் சின்னதாக்க நினைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் உள்ள தூரத்தைத்தான்.

● பெரிய காருக்கு ஐந்தாண்டாக கிளெய்ம் கேட்காமல் இன்சூரன்ஸ் கட்டியவரா நீங்கள்? சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி உங்களுக்குச் சேர்ந்திருக்கிறது. அது காருக்குச் சொந்தமானது இல்லை; உங்களுக்குச் சொந்தமானது. காரை விற்றதும் அதை வாங்கியவரோடு அனுப்பிவிடாமல், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ‘நோ கிளெய்ம் போனஸ்’ தக்கவைப்புக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்றாண்டு வரை செல்லும். அடுத்து வாங்கும் சின்ன காரின் பாலிசியில் முதல் ஆண்டிலிருந்தே அந்தப் பாதித் தள்ளுபடியைப் போட்டுக்கொள்ளலாம்.